வெள்ளைக் குதிரை வைத்தியம்

இந்த வருஷம் சதுப்பு நிலத்தில் குனிவதே இல்லை என்று தீர்மானித்துவிட்டேன். தலை போனாலும் சரி.

அங்கே வெட்டிப் போட்ட எரிமண் கட்டிகளைத் தூக்கி, நாலைந்தாகச் சாய்த்து நிறுத்திக் காயவைக்க வேண்டும். காய்ந்தால்தான் குளிர்காலத்தில் அடுப்பு எரியும். என் இடுப்போ மழைக்காலக் கதவு. குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. போதாக்குறைக்கு அதே வாரம் துறையில் படகுப் போட்டி வேறு!

எனவே இருமினேன்.

"என்னங்க, சாப்பிடறப்ப இருமலையே?" என்றாள் என் மனைவி டெலியா.

"சாப்பாடு இருமலை அமுக்கிடுச்சு."

"ஒரு சட்டி உருளைக்கிழங்காச்சே. அமுக்கத்தான் செய்யும்."

நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்தாள். கன்றுக்குட்டிக்குக் கொடுக்கும் பூண்டுப் பாலைப் புகட்டினாள். கன்றுக்குட்டியே அதைக் கண்டால் ஓடும். குடித்ததும் நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

"இதெல்லாம் கேக்காதுடி. வெள்ளைக் குதிரையில வர்றவங்ககிட்டதான் மருந்து கேக்கணும்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைக் குதிரையில் யார் வந்தாலும் நிறுத்தி, இருமலுக்கு மருந்து கேட்கலாம். என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். சொன்னவருக்குக் கூலி கிடையாது. நன்றிகூடச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. ஊரில் வெள்ளைக் குதிரை இருப்பது என் சிநேகிதன் ஃபெஸ்டியிடம் மட்டும். ஒரு வாரம் ஓய்வு, வேளாவேளைக்குச் சூடான விஸ்கி, துறையில் கடல்காற்று என்று அவனுக்கு முன்பே பாடம் சொல்லி வைத்திருந்தேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் டெலியா. கல்யாணமான நாளாக அவள் அப்படிச் சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் ஜனம் வெளியே வரும் நேரம். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று மாதா கோயில் வாசலிலேயே நின்று இருமினேன். குளம்புச் சத்தம் கேட்டது. வெள்ளைக் குதிரைதான். மேலே உட்கார்ந்திருந்தது டெலியா! ஃபெஸ்டி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்து வந்தான்.

"டேய், என்னடா இது?"

"நான் என்னப்பா பண்றது? குதிரைக்கு வயித்துவலின்னா உன் பொண்டாட்டிதான் வந்து மருந்து குடுக்கறா. நான் யாரைப் பகைச்சுக்கறது?"

"கேளுங்க," என்றாள் டெலியா. "ஊரே பாக்குது."

"இருமலுக்கு... என்ன மருந்து?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"விடிஞ்சதும் சதுப்புக்குப் போங்க. கடைசிக் கட்டி நிக்கிறவரைக்கும் குனிஞ்சு வேலை செய்யுங்க. விஸ்கி வாசனைகூட ஆகாது. நம்மது முடிஞ்சா ஃபெஸ்டியோடது."

"அவனோடது எதுக்குடி?"

"மறுபேச்சு கூடாதுங்க."

ஊர் முழுக்கத் தலையாட்டியது. நாக்கு நுனியில் நல்ல நல்ல வசவுகளாக வந்து நின்றன. வாயைத் திறந்தேன்.

டெலியா குதிரை மேலிருந்து குனிந்து என் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, நன்றி மட்டும் சொல்லிடாதீங்க. மருந்து பலிக்காது!"