நடுவரின் முதுகும் என் மகளின் நான்கு நிமிடங்களும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நான் கேட்காமலேயே உங்கள் தங்கை தினமும் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நீலக் கட்டம் போட்ட சட்டையோடு உட்கார்ந்து, இரண்டாம் முறை பரிமாறச் சொல்லிக்கொண்டே, நீங்கள் என் மகளைப் பார்த்து, "பந்து பின்னாடி ஓடுற பொண்ணு புஸ்தகம் பக்கம் எங்க வரப்போகுது?" என்றீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சட்டையின் பொத்தான் நிறம்கூட நினைவிருக்கிறது. அவளோ சிரித்துவிட்டு எழுந்துபோய், ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கல்லூரிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆட வேண்டும். இயற்பியலில் தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. பிசியோதெரபி படித்து, அடிபட்டவர்களை மறுபடி ஓடவைக்க வேண்டும். என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்த மேலாளரைப் பதினொரு வருடமாக மனத்துக்குள் திட்டிவருகிறேன்; ஆனால் அவரை மிஞ்சிக் காட்டுவதற்காக ஒருநாள்கூட நான் விடியலில் எழுந்ததில்லை. இவள் எழுந்தாள். ஐந்து மணிக்கு மைதானம், ஏழரைக்கு ஈரத் தலையோடு பேருந்து, பேருந்தில் கையில் சூத்திர அட்டைகள். கணுக்கால் சுளுக்கியபோது காலை ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு ஒளியியல் படித்தாள். படித்த குடும்பம் என்று பீற்றிக்கொள்கிறோமே, நம்மில் ஒருவரும் அப்படிப் படித்ததில்லை.

கல்லூரிப் பயிற்சியாளர் ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் இந்த வருடம் அணியில் இடமில்லை. வியாழக்கிழமை ஆட்டம், மறுநாள் இயற்பியல் தேர்வு. "அப்பா, நீங்களே எடுத்து நீங்களே அனுப்பிடுங்க. எனக்குப் பாக்க நேரமில்ல" என்றாள். எடுத்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே நடுவர் எங்களுக்கு எதிராகத் தவறாக விசில் ஊதினார். அநியாயத்துக்குச் சாட்சி வேண்டாமா? போன் கேமராவை அவர்மேல் திருப்பினேன். அவர் ஓடிய இடமெல்லாம் அதுவும் ஓடியது. பதினேழு தவறுகள், ஒவ்வொன்றையும் உரத்த குரலில் எண்ணி, வர்ணனையோடு பதிவுசெய்து, போட்டுப் பார்க்காமலே பெருமையாக அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை அவள் போட்டுப் பார்த்தாள். "அப்பா, இதுல நான் எங்க?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பயிற்சியாளர் அழைத்தார்.

"சார், ஒன்றரை மணி நேர வீடியோவுல உங்க பொண்ணு நாலு நிமிஷம்தான் வருது. மிச்சமெல்லாம் நடுவரோட முதுகு."

"மன்னிக்கணும் சார்..."

"இருங்க. பதினேழு தடவ தப்பா ஊதினாருன்னு நீங்க அலறுறீங்க. அதுல ஆறு அவமேல. ஒரு தடவயாவது அவ வாயத் திறந்தாளா? ஊதி முடிக்கிறதுக்குள்ள தன் இடத்துல போய் நிக்கிறா. விழுந்த எதிரணிப் பொண்ணத் தூக்கி விடுறா. பந்தாட்டத்த நான் சொல்லித் தந்துடுவேன் சார். இத எங்க போய்ச் சொல்லித் தர்றது? தேர்வு ஆட்டத்துக்கு அனுப்புங்க."

அனுப்பினோம். நாற்பது பேரில் நால்வரை எடுத்தார்கள், அவள் இரண்டாவது. இயற்பியலில் தொண்ணூற்று மூன்று. அதே கல்லூரியில் பிசியோதெரபியிலேயே இடமும் கிடைத்துவிட்டது. என்னிடம் இல்லாத அந்தப் பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று உங்கள் தங்கை என்னைக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

முதல் ஆட்டம் வரும் சனிக்கிழமை. உங்களுக்கு ஆயிரம் வேலை. சிரமப்பட்டு வர வேண்டாம். கைதட்ட நான் ஒருவன் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். மிச்சம் ஏதாவது இருந்தால் உங்களுக்கு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். நான் மைதானத்துக்கு வரலாமாம். ஆனால் கையில் போன் இருக்கக் கூடாதாம், எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். "இருபத்திரண்டு வருஷமா முயற்சி பண்றேன், என்னால ஆகாது" என்று உங்கள் தங்கை கைவிரித்துவிட்டாள். "அப்ப மாமாவக் கூப்பிடுங்க. அவர் பக்கத்துல இருந்தா அப்பாவுக்கு நடுவர் ஞாபகமே வராது" என்கிறாள் மகள். ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்.