கருகல் வாசனை

“ஏதோ வாசனை வருதுடா” என்று வாய் தவறி மகனிடம் சொன்னதுதான் கண்டக்டர் செய்த தப்பு.

மாத்திரையும் தண்ணீருமாக வந்த மகன் அப்படியே நின்றான். “என்ன வாசனைப்பா?”

உண்மையைச் சொல்ல முடியுமா? செத்துப்போன உன் அம்மா பூசுகிற பவுடர் வாசனை என்று சொன்னால், கொரோனா அப்பாவின் நுரையீரலோடு நிற்காமல் மண்டைக்கும் ஏறிவிட்டது என்று பையன் உட்கார்ந்து அழுவான். போன வாரம் சீப்பு என்கிற சொல் மறந்துபோய், “அதான்டா, தலையில ஓட்டுறது” என்று கேட்டதற்கே அவன் முகம் தொங்கிவிட்டது.

“கருகின மாதிரி இருக்கு” என்று ஒரு பொய்யை எடுத்து விட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். வழியிலுள்ள அத்தனை ஸ்டாப்பையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்த மனிதர். இப்போது குளியலறைக்குப் போய் வருவதற்குள் நடுவில் ஒரு நாற்காலியில் ஸ்டாப் போட வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றாகத்தான் கொரோனா வந்தது. மகன் சீக்கிரமே எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டான். இவரைத்தான் அது போகிற போக்கில் பிழிந்துவிட்டுப் போனது.

மகன் சமையலறைக்கு ஓடினான். அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மாடிவீட்டு அக்காவைக் கூட்டி வந்தான்.

“அக்கா, கருகல் வாசனை வருதான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

அவள் வாசலிலேயே நின்று, இரண்டு மாஸ்க்குக்கு உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சினாள்.

“வர்ற மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. எதுக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுருப்பா.”

எலக்ட்ரீஷியன் வந்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

“உள்ளுக்குள்ள கருகிட்டிருக்கும் தம்பி. வெளியில தெரியாது. செவுத்த உடைச்சுப் பாத்துரலாம்.”

“வேணாம்ப்பா, இப்ப வாசனை நின்னுடுச்சு” என்றார் கண்டக்டர் பதறி.

“நின்னுடுச்சா? அப்ப நிச்சயம் ஒயர்தான். சூடாகும்போது வரும், ஆறினா போயிடும்.”

சாயங்காலத்துக்குள் மூன்று சுவிட்ச் போர்டும் தொங்கின. கூடத்துச் சுவரில் பூனை புகுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மெயினை இறக்கிவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாமென்று அவர் போய்விட்டார். மின்விசிறி இல்லாமல் வீடு வெந்தது.

மகன் வியர்க்க விறுவிறுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய அட்டை ஒன்றால் அப்பாவுக்கு விசிறினான். பவுடர் வாசனை குப்பென்று வந்தது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் காலை நேர பஸ்ஸில் மூச்சு விட இடமிருக்காது. ஆனாலும் முன்படியில் அவள் ஏறினால் பின்படியில் நிற்கிற இவருக்குத் தெரிந்துவிடும். அத்தனை வியர்வையையும் தள்ளிக்கொண்டு அந்த வாசனை வரும். கல்யாணத்துக்குப் பிறகு, கண்ணாடி முன்னால் அவள் நிற்கும்போது, “வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?” என்று கேட்பார். “உங்க மூஞ்சிக்குத்தான் பட்டி பாத்துப் பூசணும்” என்பாள். கையில் மிஞ்சின பவுடரை அவர் கன்னத்தில் தேய்த்துவிட்டுப் போவாள். கண்டக்டர் பவுடர் பூசிக்கொண்டு டூட்டிக்கு வருகிறார் என்று டிப்போவே சிரித்தது. அவர் துடைத்துக்கொண்டதே இல்லை.

அவள் போன பிறகு, சாமான்களை மூட்டை கட்டி எங்கோ எடுத்துவைத்தவன் மகன்தான். பவுடர் டப்பாவும் அதோடு போயிற்று. ஆனால் இப்போது மாத்திரை வேளை தவறாமல் வாசனை வருகிறது. இவர் ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்க்க வருகிறாள் போலிருக்கிறது. மாத்திரை விஷயத்தில் அவள் என்றைக்குமே அவரை நம்பியதில்லை.

“இன்னும் வருதாப்பா?”

“முன்ன விட ஜாஸ்தியா வருதுடா” என்றார், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.

மகன் முகம் வெளுத்தது. மறுநாள் காலையில் கண்டக்டர் டாக்டர் முன்னால் இருந்தார். மகன் அவர் தோளைப் பிடித்தபடி நின்றான்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். “கொரோனா வந்தவங்க சில பேருக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும் ஐயா. பயப்படாதீங்க. மூக்குல அடிக்க ஒரு மருந்து தர்றேன். கொஞ்ச நாள்ல இருந்த இடம் தெரியாம போயிடும்.”

ஒரு தடவை அவளை அனுப்பிவைத்ததே போதும்.

“இப்ப வரலை டாக்டர். தானா சரியாயிடுச்சு.”

“கார்ல வரும்போதுகூட வருதுன்னு சொன்னீங்களேப்பா!”

“நீ சும்மா இருடா.”

டாக்டர் எழுதத் தொடங்கினார். கண்டக்டர் எட்டி அந்தப் பேனாவையே பிடித்துவிட்டார்.

“எழுதாதீங்க டாக்டர். மூச்சு வாங்குறதைச் சரி பண்ணுங்க, மறதியைச் சரி பண்ணுங்க, இதை மட்டும் விட்டுருங்க. கருகலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டி போடுற பவுடர் வாசனை அது. அவ போனதுக்கப்புறம் இப்பதான் வர்றா. இருந்துட்டுப் போகட்டும்.”

மகன் அவர் தோளிலிருந்த கையைச் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

மூலையில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸம்மாதான் திரும்பினாள்.

“பெரியவரே, உங்க மூக்குக்கு ஒரு குறையும் இல்ல. மூணு மாசமா எந்த வாசனையும் தெரியலைன்னு உங்களுக்குத் தெரியாம இங்க வந்துட்டுப் போறது உங்க பையன்தான். எந்த வாசனை திரும்பக் கிடைக்கணும்னு ஏங்குறீங்களோ அதைத் தினமும் கையில பூசி மோந்து பாருங்கன்னு நான்தான் சொல்லியனுப்பினேன்.”