முதல்பந்தி அண்ணையும் ஒரு வாய் றிப்பும்

ரொறன்ரோத் தமிழர்களில் கல்யாண வீட்டுக் குழம்பின் உண்மையான ருசி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் முதல்பந்தி அண்ணை. நீங்களும் நானும் இத்தனை வருசமாகச் சாப்பிட்டதெல்லாம் அவர் கை கழுவிவிட்டுப் போன பிறகு மிஞ்சியது.

இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். "தம்பி, குழம்பு எண்டது முதல் பந்தியிலைதான் குழம்பு. ரெண்டாம் பந்தியிலை அது ரசம். மூண்டாம் பந்தியிலை கை கழுவின தண்ணி." தாலி கட்டுகிற நேரம் ஊரெல்லாம் அட்சதையோடு மணவறையைப் பார்க்கும். அண்ணை மேளச் சத்தத்தை வைத்தே நேரம் கணித்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்தின் கதவடியில் நிற்பார். றிச்மண்ட் ஹில் கோயிலில் தீபாராதனை மணி கேட்டதும் நாங்கள் கை கூப்புவோம். அவர் கை கழுவுவார்.

ஒருமுறை ஒரே கட்டடத்தில் இரண்டு மண்டபம், இரண்டு கல்யாணம். அண்ணை அவசரத்தில் மற்றக் கல்யாணத்தின் முதல் பந்தியில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு "நல்லா இருங்கோ" என்று ஆசீர்வாதமும் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார். வந்தவர் பெண்ணின் தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கை பாயாசம் திறம். உங்கடை சமையல்காரனிட்டைச் சொல்லி உடனை கொஞ்சம் ஏலக்காய் போடுவியுங்கோ" என்றார். அந்த மனிதர் அந்த அமளிக்குள்ளும் ஏலக்காய்க்கு ஆள் அனுப்பினார். சாப்பாட்டு விசயத்தில் அண்ணை சொன்னால் சொன்னதுதான்.

இன்னொரு கொள்கையும் அவரிடம் உண்டு. பந்தியில் உட்கார்ந்தால் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்ப மாட்டார். இடையில் எழும்புவது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதாம். ஒரு மண்டபத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்துக் கூட்டமே வெளியே ஓடியபோது, அடுத்த கதிரையில் இருந்த வயதானவருக்கு மோர் வரவில்லை என்று அவர் அசையாமல் இருந்தார். நல்ல காலம், யாரோ ஊதுபத்தி கொளுத்தியதில் அடித்த மணி அது.

ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் பாக்கியம் அக்காவின் சமையலுக்குக் குறை சொல்வது இந்தப் பக்கம் எங்களுக்கு வானொலி மாதிரிக் கேட்கும். சொதி தண்ணி, இடியப்பம் கல், சம்பலுக்கு உறைப்புக் காணாது. அக்காவும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம்.

இந்த வருசம் பனி கரைகிற நேரத்தில் அண்ணைக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரியில் இதய நாளத்துக்குள் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். உப்பு, எண்ணெய், இறைச்சி எல்லாவற்றுக்கும் தடை. அதோடு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது.

ஒருநாள் பாக்கியம் அக்கா வேலியடியில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "தம்பி, வைக்கிறதைச் சாப்பிடுறார். உப்பில்லாத கஞ்சியைக் குடுத்தாலும் ஒரு சொல் சொல்லாமல் குடிச்சிட்டுப் போய்ப் படுக்கிறார். ரெண்டு கல்யாணத்துக்கும் போகேல்லை. எனக்கு நெஞ்சு வருத்தத்துக்குப் பயமில்லை, இந்த மௌனத்துக்குத்தான் பயமாக் கிடக்கு. மனுசன் விட்டிட்டார் போலை."

அந்தக் கோடையில் பக்கத்துப் பெரிய பார்க்கில் பார்பிகியூ திருவிழா. என் மனைவி ரமணி, மகள் ஆரணி, மன்னாரைச் சேர்ந்த என் வேலைத்தல நண்பன் சூசை, நான், எல்லோரும் போவதாக இருந்தோம். அண்ணையையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். சுத்த சைவக்காரியான பாக்கியம் அக்கா கொஞ்சம் யோசித்தார். "டொக்டர் எப்பவாவது ஒரு வாய் பரவாயில்லை எண்டவர். ஒரு வாய்தான் தம்பி. நாலு சனத்தைப் பாக்கட்டும். போன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்து தா" என்று சொல்லி, நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிறேயை என் கையில் தந்தார். அண்ணையிடம் கொடுத்தால் எங்காவது வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று அதை என் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தேன்.

பார்க் முழுவதும் புகை. கூடாரத்துக்குக் கூடாரம் ஆள் உயரத்துக்கு வெற்றிக் கிண்ணங்களை அடுக்கி வைத்து, அதற்குப் பக்கத்தில் றிப் என்கிற பன்றி விலாவைக் கீழும் மேலும் பிரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கும் முன்னால் முடிவில்லாத வரிசை. தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்திருந்த அண்ணை அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "உதென்ன தம்பி, நிண்டு வாங்கி, நிண்டு தின்னுறதோ? இருக்க இடமில்லையோ?"

நாங்கள் ஆளுக்கொரு வரிசையில் நின்று வாங்கி வந்து எல்லாவற்றையும் பங்கிட்டு ருசி பார்ப்பது என்று திட்டம். அண்ணைக்கு ஒரு மேப்பிள் மரத்தின் கீழ் மடக்குக் கதிரை போட்டுக் கொடுத்தோம். நான் றிப்போடும், ரமணி சுட்ட சோளத்தோடும், ஆரணி பூ மாதிரி விரிந்த வெங்காயப் பொரியலோடும், சூசை இரண்டு கோழியோடும் திரும்பி வந்தால் கதிரை இருக்கிறது, அண்ணையைக் காணவில்லை.

முதலில் கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். சூசை போய்ப் பார்த்தான், இல்லை. அவருடைய போனுக்கு அடித்தேன். அது என் வாகனத்துக்குள் கிடந்து அடித்திருக்கும். சாப்பிடப் போகும் இடத்துக்கு அவர் போன் கொண்டுபோவதில்லை. வெயில் உச்சியைப் பிளந்தது. சட்டைப் பைக்குள் கைவைத்தேன். ஸ்பிறே இருந்தது.  அவருக்கு இப்போது நெஞ்சு நொந்தால், மருந்து என்னிடம், அவர் எங்கோ.

தகவல் கூடாரத்துக்கு ஓடினோம். அங்கே இருந்த தொண்டர் பெண் மிக அன்பாக ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, தொலைந்தவரின் பெயரைக் கேட்டாள்.

நான் ரமணியைப் பார்த்தேன். ரமணி சூசையைப் பார்த்தாள். சூசை வானத்தைப் பார்த்தான்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? பக்கத்து வீட்டு அங்கிளின்ர பேர் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஆரணி.

எப்படித் தெரியும்? நேரே அண்ணை, பின்னால் முதல்பந்தி. பாக்கியம் அக்கா புருசன் பெயரை வாயால் சொல்கிறவர் இல்லை. "இவர்" என்பார், கோபம் வந்தால் "எங்கடை வீட்டுப் பெரியவர்" என்பார். அவருக்குப் போன் அடித்து, "அக்கா, சும்மா கேக்கிறன், அண்ணைக்கு என்ன பேர்?" என்று கேட்டால் அடுத்த ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குத்தான் போகும்.

"அண்ணை எண்டே கூப்பிடச் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும்" என்றாள் ரமணி.

"மிஸ்டர் அண்ணை, மிஸ்டர் அண்ணை, தகவல் கூடாரத்துக்கு வரவும்" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் பார்க் முழுக்க முழங்கினாள். பலன் உடனே தெரிந்தது. புகைக்குள்ளிருந்து நாலு அண்ணைமார் வந்து சேர்ந்தார்கள். நாலு பேரும் மீசை, நாலு பேரும் தொப்பை, நாலு பேர் கையிலும் பாதி கடித்த எலும்பு. எங்கள் அண்ணை மட்டும் அதில் இல்லை.

"கூப்பிட்டனீங்களாம். என்ன தம்பி, என்ன பிரச்சினை?" என்றார் ஒஷாவாவிலிருந்து வந்திருந்த ஒருவர்.

"ஒராளைக் காணேல்லை அண்ணை."

"ஆள் எப்பிடி இருப்பார்?"

"உங்களை மாதிரித்தான் இருப்பார்."

அவர் கோபிக்கவில்லை. எலும்பைக் கீழே போட்டுவிட்டு மற்ற மூன்று பேரையும் ஆளுக்கொரு திசையில் அனுப்பிவைத்துத் தானும் தேடப் புறப்பட்டார். சூசை, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தான். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். சூசை, "அந்தோனியார் கெதியாக் கண்டுபிடிப்பார்" என்றான். "பிள்ளையார் உலகத்தையே சுத்தினவர்" என்றேன். "உலகத்தைச் சுத்தினது தம்பியார். உங்கடையாள் இருந்த இடத்திலைதான் இருந்தவர்" என்று அவன் திருத்தினான். அந்த நிலையிலும் எனக்கு அது உறைத்தது.

ஒவ்வொரு கூடாரத்துக்குப் பின்னாலும், விறகு அடுக்கின் மறைவிலும் எட்டிப் பார்த்தேன். எங்காவது புல்லில் ஒரு வெள்ளைச் சேட்டு விழுந்து கிடக்கக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. பாக்கியம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போதுதான் ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா. லுக்."

மைதானத்தின் நடுவில் கயிறு கட்டிய பெரிய வெள்ளைக் கூடாரம். உள்ளே நீள மேசை, வெள்ளைத் துணி, தண்ணீர்ப் போத்தல்கள். மேசையில் கழுத்தில் துண்டு கட்டிய வெள்ளைக்காரர் மூன்று பேர். அவர்களுக்கு நடுவில் கழுத்தில் துண்டு கட்டிய அண்ணை. சேட்டில் நடுவர் என்று ஒரு பட்டி.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். "அண்ணை! பார்க் முழுக்க உங்களைத் தேடுறம்! இஞ்சை என்ன செய்யுறியள்?"

"கத்தாதை தம்பி. சாப்பிடுற இடம்" என்றார் அமைதியாக. "மேசைக்கு வெள்ளை விரிச்சு, தண்ணி வைச்சுக் கிடந்தது. ஒரு கதிரை வெறுமையா இருந்தது. இருந்தன். கொண்டுவந்து வைச்சினம். பிறகென்ன?"

"ஸ்பீக்கரிலை கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது. பந்தியிலை இருக்கிற மனுசன் இடையிலை எழும்பலாமோ? உந்தப் பிள்ளை இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை" என்று பக்கத்தில் தாடியெல்லாம் சோஸ் பூசியிருந்த மாமிச மலையைக் காட்டினார்.

றிப் போட்டிக்கு நேரத்துக்கு வராத நடுவரின் கதிரை அது. இவர்தான் அவர் என்று நினைத்துப் பட்டியைக் குத்திவிட்டார்கள். உண்மையான நடுவர் வாகன நெரிசலைக் கடந்து வந்து சேர்ந்தபோது, அவருக்கு ஓரத்தில் வேறு கதிரை போட்டார்களாம். ஏனென்றால் அதற்குள் அண்ணையை எழுப்பிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஏற்பாட்டாளர் அம்மா என்னிடம் பரவசமாகச் சொன்னார். மற்ற நடுவர்கள் எலும்புவரை சுரண்டித் தின்கிறார்கள், இவரோ ஒரே ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி மென்று, தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார், இவ்வளவு கட்டுப்பாடான நிபுணரைத் தான் கண்டதேயில்லை என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு என் காதில் சொன்னார். "பாக்கியத்துக்கு ஒரு வாய் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் எல்லே. ஒவ்வொண்டிலையும் ஒரு வாய்தான் தம்பி."

 அப்படியே புல்லில் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையில் ஸ்பிறேயைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைக் குனிந்து பார்த்து, "நெஞ்சு நோகுதோ?" என்று அண்ணை கேட்டார். "உந்த வெயிலுக்குள்ளை ஓடலாமோ? வயசுக்கு ஏத்த மாதிரி நடக்கோணும்."

ஒஷாவா அண்ணை பின்னாலேயே வந்து சேர்ந்தார். எங்கள் ஆள் இருந்த இருப்பைப் பார்த்து, "இவரையோ தேடினது? இவர் எங்கடை மகளின்ரை கல்யாணத்திலை முதல் பந்தியிலை இருந்தவர்" என்றார். அண்ணை தலையை நிமிர்த்தி, "ஓம். உங்கடை வடை கொஞ்சம் வேகேல்லை" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. ஒரு கூடாரத்து றிப் இறைச்சியா ஜாமா என்று தெரியவில்லையாம். இன்னொன்று நெருப்பில் வைத்தார்களா, காட்டிவிட்டு எடுத்தார்களா என்று சந்தேகமாம். சூசை பின் இருக்கையில் அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தான். நான் வாகனத்தை மெதுவாகவே ஓட்டினேன்.

பாக்கியம் அக்கா வாசலிலேயே நின்றார்.  ஸ்பிறேயைத் திருப்பிக் கொடுத்து, "தேவைப்படேல்லை அக்கா" என்று மட்டும் சொன்னேன். அண்ணை கை கால் கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தார். அக்கா வழக்கம்போல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கரண்டி வாயில் வைத்த அண்ணை கரண்டியைக் கீழே போட்டார்.

"என்ன பாக்கியம் இது? உப்புப் போடாதை, சரி. ஒரு தேசிக்காயாவது புளிஞ்சு விடக்கூடாதோ? சுவருக்குப் பூசுறதோ, குடிக்கிறதோ?"

 அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். "தம்பி, கேட்டியோ? குறை சொல்லுறார்!"

கேட்டேன். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சொன்ன குறைகளை ஒன்றுவிடாமல் கேட்டோம். அவர் இன்னும் கனகாலம் அப்படியே குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.