பத்தின் ஒன்பதாம் அடுக்கு மாவு

சரியாக நூற்றிருபத்தாறு மணி நேரம் பனியால் மூடிக் கிடந்த கணவாய் அன்று காலை திறந்தது. உலக வரலாறு அந்த நாளை மறக்கக் கூடாது. அன்றுதான் கிர்கிஸ் மலைநாட்டின் ஒரு சின்ன மாவட்டம், மாவை ‘அறிவியல் முறைப்படி’ அனுப்பியது.

கணவாய்க்கு அப்பால் சாரி-பெல் கிராமம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மாவு தீர்ந்துபோய் மூன்று டன் கேட்டிருந்தார்கள். ‘டன்’ என்பது பழைய காலத்துச் சொல். நிவாரணத்தை இனி மைக்ரோகிராமில், பத்தின் அடுக்காகவே எழுத வேண்டும் என்று தலைநகர்ச் சுற்றறிக்கை சொன்னது. அடுக்கு பெரிதாக இருக்கும் மாவட்டத்துக்குச் சுழற்கேடயம்.

அலுவலகத்தில் இயற்பியல் படித்தவள் பெகிமாய் ஒருத்திதான். அவள் குரலைப் பாதிப் பேர் கேட்டதே இல்லை. மூன்று பெருக்கல் பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு மைக்ரோகிராம் என்று எழுதி, மாவட்டத் தலைவர் ஷாம்ஷியின் முன் வைத்தாள்.

“பன்னிரண்டா? ஏம்மா, நீ கிர்கிஸ் பொண்ணுதானே? சீர்னா நாம ஒன்பதுலதானே கொடுப்போம்? ஒன்பது குதிரை, ஒன்பது அங்கி. ஒன்பதுன்னு போடு.”

“அளவு மாறிடும் ஐயா…”

“மூணு அப்படியேதானே இருக்கு? மேல எறும்பு மாதிரி ஒட்டிட்டிருக்கிறதுதானே மாறுது!”

“எறும்பு எவ்வளவு மாவைத் தின்னுடப்போகுது?” என்றார் துணைத் தலைவர் எசென்.

கேடயத்தைவிட மரபே பெரிதென்று கண்கலங்கும் தலைவர்களை இன்று எங்கே பார்க்க முடிகிறது? தலைவரே அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டார்.

கிடங்குக்காரர் தோக்கோன் தாளை மீறாதவர். சுற்றறிக்கையோடு வந்த கிலோ மாற்று அட்டவணையைப் பார்த்து, எழுதியிருந்ததை எழுதியபடியே நிறுத்தார். ஏழு டன் தாங்கும் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போர்த்திக் கொடி கட்டி அனுப்பினார். ரசீது பெகிமாயிடம் வந்தபோது மணி இரண்டு. அதில் இரண்டு வரிகள். படித்துவிட்டு, பாராட்டுக் கூட்டம் நடந்த அறைக்கு ஓடினாள்.

மேசை முழுக்கப் போர்சோக். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், துணி தெரியாமல் குவிந்து கிடந்தன. அது இல்லாமல் அங்கே மரியாதையான கூட்டம் நடக்காது.

“ஐயா, இன்னொரு லாரி உடனே போகணும்,” என்று எசெனின் காதருகே சொன்னாள். “நாலு மணிக்குக் கணவாயை மூடிடுவாங்க. மறுபடி எப்போ திறக்கும்னு தெரியாதாம்.”

“எதுக்கும்மா? ஒன்பது சைபர்! வசந்தம் வரைக்கும் தின்னாலும் தீராது. உட்காரு, டீ குடி.”

ஷாம்ஷி வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “முந்நூறு கோடி! நம்ம மாவட்டம் இதுவரைக்கும் யாருக்காவது எதையாவது முந்நூறு கோடி கொடுத்திருக்கா?”

“இல்லை!” என்றது அறை. கைதட்டல்.

“இந்தக் கணக்கைப் போட்ட விஞ்ஞானி ரெண்டு வார்த்தை பேசட்டும். வெட்கப்படாதேம்மா, சத்தமா!”

பெகிமாய் எழுந்தாள். ரசீதை விரித்துப் பிடித்தாள். கடிகாரத்தில் இரண்டேகால். எசென் ஒரு போர்சோக்கைத் தேனில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“சாரி-பெல்லுக்குப் போனது மூணு கிலோ ஐயா,” என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. “இந்த மேசைக்கு வந்தது ஆறு.”