ஒரு விசிறியின் தவிப்பு

ஃபோன் அடிக்கவே இல்லை. புகார்ப் பிரிவில் ஃபோன் அடிக்காவிட்டால் யாருக்கும் சந்தோஷம்தான். அவள் மட்டும் அதை வெறித்துப் பார்த்து, "அடிச்சுத் தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆங்கில இலக்கியம் படிக்கிற பெண். படிப்பின் நடுவே ஒரு வருடம் எங்காவது வேலை பார்க்க வேண்டும். "இவளால் எங்களுக்குப் பயன் இருந்தது" என்று அந்த நிறுவனம் சான்றிதழ் கொடுத்தால்தான் கடைசி வருடத்துக்குள் கால்வைக்க முடியும். கூடப் படித்தவர்கள் பத்திரிகை, பதிப்பகம் என்று பறந்துவிட்டார்கள். இவளுக்கு வாய்த்தது ஒரு மேசை விசிறிக் கம்பெனி.

மேனேஜர் நல்ல மனிதர். அவளை 'இலக்கியம்' என்றுதான் கூப்பிடுவார். கெட்ட செய்தியைக்கூடத் தேன் தடவித்தான் கொடுப்பார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா இலக்கியம். நம்ம ஃபேன் நல்லா ஓடுது, யாரும் கூப்பிடறதில்ல. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறமும் நீ ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்பேன்னா, உன்னைத் திருப்பி அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல."

"ஃபேன் நல்லா ஓடினா என் படிப்பு ஓடாதா சார்?" என்றாள் அழாக்குறையாக.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தாள். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு சலூன். பள்ளிக்கூட நாட்களில் அங்கே வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில்தான் புத்தகமும் கையுமாகக் கிடப்பாள். அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எனக்கு வழுக்கை விழுதா?" என்று கேட்டவரிடம் "விழுந்தாச்சு" என்று சொல்லி, ஒரு நல்ல வாடிக்கையையே இழந்தவர். மகள் இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றபோது, "கதைன்னா பொய்தானேம்மா? அதுக்கு இத்தனை வருஷமா?" என்று கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் பணம் கட்டியவரும் அவர்தான்.

"ஃபோன் வந்தா உன்னை வெச்சுக்குவாங்களா?" என்றார்.

"வெச்சுக்குவாங்கப்பா. யாரு கூப்பிடப் போறா?"

அப்பா சட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஃபோன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"எங்க ஃபேன் சத்தம் போடுதும்மா" என்றது ஓர் ஆண் குரல்.

அந்தக் குரலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ரொம்ப நன்றிங்க! அதாவது, ரொம்ப வருத்தங்க. என்ன மாதிரி சத்தம்?"

"இதோ, கேக்குதா?"

கேட்டது. சிக்... சிக்... சிக்... அதைக் கேட்டதும் ஏனோ அவளுக்கு மனசு இதமாகிவிட்டது. புகார் கேட்டு நிம்மதியடைகிற பெண்ணை அந்தக் கம்பெனி அதுவரை பார்த்ததில்லை.

"இந்தச் சத்தம் உங்களுக்குள்ள என்ன உணர்வைத் தருது?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. "தலை லேசான மாதிரி இருக்கும்மா."

அன்றே இன்னொருவர் கூப்பிட்டார். அவருக்குக் கழுத்தில் குறுகுறுவென்று இருந்தது. மூன்றாமவர் அவசரப்பட்டார்: "சீக்கிரம் கேளும்மா, என்னால தலையை ஆட்ட முடியாது." எல்லார் பின்னாலும் அதே சிக்... சிக்...

வகுப்பில் கற்ற அத்தனையையும் கொட்டி அவள் அறிக்கை எழுதினாள். தலைப்பு, 'ஒரு விசிறியின் தவிப்பு'. 'இதன் ஓசையில் சொல்லொணாத ஏக்கம் ஒலிக்கிறது. கேட்பவரின் தலை லேசாகிறது. கழுத்து குறுகுறுக்கிறது. அச்சத்தால் சிலருக்குத் தலையை அசைக்கவும் இயலவில்லை.'

மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இது ஃபேனா, பேயா?"

இன்ஜினியரை அழைத்தார்கள். அவர் பதிவான அழைப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இரும்பும் இரும்பும் உரசுற சத்தம் சார் இது. நம்ம ஃபேன்ல அப்படி உரசுற இடமே கிடையாதே!" அவர் முகம் வெளிறியது. "எல்லாம் ஒரே ஏரியாவா வேற இருக்கு."

"அது எங்க ஏரியாதான் சார்" என்றாள் அவள், உதவுவதாக நினைத்துக்கொண்டு. "அங்க கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கும்."

"கரண்ட் ஏறினா இப்படி ஆகுமா!" என்று இன்ஜினியர் தலையில் கைவைத்தார். மத்தியானத்துக்குள் உற்பத்தி நின்றது. பெட்டி கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே முறைத்தார்கள்.

"சார், நான் கொஞ்சம் அழகுக்காகச் சேர்த்து எழுதிட்டேன்" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சார்," என்றார் இன்ஜினியர், "நாம பயந்துடக்கூடாதுன்னு மறைக்குது பொண்ணு."

அன்று சாப்பிடும்போது, "ஃபோன் வந்துச்சாம்மா?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

"கொட்டுதுப்பா. இனிமே வராம இருந்தாப் போதும்."

"வரலைன்னாதானே அனுப்பிடுவாங்கன்னே?"

"இப்ப வந்தா அனுப்பிடுவாங்க போலிருக்கு."

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஃபோன் ஊமையாகிவிட்டது. அப்பாடா என்று அவள் மூச்சுவிடுவதற்குள் மேனேஜர் ஓடிவந்தார்.

"வெறுத்துப் போய்க் கூப்பிடறதையே விட்டுட்டாங்க! கிடங்குல இருக்கிற அத்தனை ஃபேனையும் பிரிங்க!"

பிரித்தார்கள். ஆபீஸ் முழுக்க இறக்கைகள் கிடந்தன. காதை மூடிய முடியும் சிரித்த முகமுமாகத் திரிகிற மெக்கானிக் கூட அன்று சிரிக்கவில்லை. தன் படிப்பைத் தானே பிரித்துப் போட்டுவிட்டோம் என்று அவள் மூலையில் நின்றாள். இந்த லட்சணத்தில் சான்றிதழை யார் கொடுப்பார்கள்?

சாயங்காலம் இன்ஜினியர் மேனேஜரின் அறைக்குள் போனார். கையில் ஒரு முன்பக்கக் கம்பிக்கூண்டு.

"சத்தம் வரல சார். ஆனா புதுசா வந்த சரக்குல இதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ பாதி முறுக்கு கழண்டிருக்கு. இன்னும் கடைக்குப் போகல, நல்லவேளை. போயிருந்தா ஓடறப்போ கூண்டு விழுந்திருக்கும். ஏதாவது குழந்தை விரலை விட்டிருந்தா..."

மேனேஜர் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"நீ மட்டும் 'தவிப்பு'ன்னு எழுதாம 'சத்தம் வருது'ன்னு எழுதியிருந்தா, எண்ணெய் போடுங்கன்னு சொல்லிட்டு நான் தூங்கியிருப்பேன். என் பேத்தி வீட்டுக்கும் இந்தச் சரக்குலதான் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன்மா." சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "நல்லா இரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கில்ல சார், கூப்பிட்டுச் சொன்னாங்களே அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். அவங்க இல்லைன்னா என் படிப்பே இல்ல."

"சொல்லிட்டாப் போச்சு. முதல்ல கூப்பிட்டவர் வீட்டுக்கு ஒரு புது ஃபேன் போகட்டும்!"

ஸ்க்ரூவை நன்றாக முறுக்கிய புது விசிறியோடு மெக்கானிக் கிளம்பினார். முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைத்து அவள் மனசு தளும்பியது. தன் ஒருத்திக்காகவே கடவுள் அவர்களைக் கூப்பிட வைத்ததுபோல் இருந்தது.

மெக்கானிக் திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காதை மூடிய முடியைக் காணோம். ஒட்ட வெட்டிய புதுக் கிராப்பில் ஆள் பத்து வயது குறைந்திருந்தார்.

"ஃபேனைக் கொடுத்தீங்களாண்ணே? என்ன சொன்னாரு?"

அவர் மேனேஜரின் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பின்கழுத்தைத் தடவியபடி குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"அந்தாளு வீட்ல நம்ம ஃபேனே இல்லம்மா, நேரா உங்கப்பா சலூனுக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு, முடி வெட்டும்போது உங்கப்பா ஃபோன் பக்கத்துல கத்தரிக்கோலை ஆட்டிக்கிட்டே சொல்லிக் கொடுத்ததைத்தான் எல்லாரும் ஒப்பிச்சிருக்காங்க, எனக்கும் ஒண்ணு சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காரு, ஃபோன் மறுபடியும் அடிக்காம இருந்தா ஒரு வார்த்தை சொல்லு!"