மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு கனெக்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இருந்தது ஒரே வேலை. பூந்தமல்லி போய் ஒரு கேபிள் வாங்கணும்.

மறுநாள் நசரத்பேட்டை சர்ச்ல என் மச்சினன் டேவிட்டுக்குக் கல்யாணம். என் மனைவியோட அக்கா துபாய்ல நிறைமாசம், ஃப்ளைட் ஏற முடியாது. தம்பி கல்யாணத்தை லைவ்லயாவது பாக்கணும்னு போன்ல அழுதாங்க. சர்ச்சுல நெட் சுத்தமா எடுக்காது.

"நான் இருக்கேன்ல," அப்படின்னேன். யாரும் என்னைக் கேக்கல. நானாதான் சொன்னேன்.

எங்க அபார்ட்மென்ட் மாடிக்கும் சர்ச் மாடிக்கும் நடுவுல ஹைவே மட்டும்தான். ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மைக்ரோவேவ் டிஷ் ரெண்டு என்கிட்ட இருந்துச்சு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு மாட்டினா வீட்டு நெட் சர்ச்சுக்குப் போயிடும். சர்ச் பக்கம் ரேடியோ பெட்டியையும் டிஷ்ஷையும் இணைக்க ஒரு கேபிள்தான் குறை.

கடைல போய், "மைக்ரோவேவுக்கு கேபிள் வேணும்"னேன்.

"ஓவன் சாமான்லாம் பக்கத்துக் கடை சார்."

விளக்கிச் சொன்னேன். எவ்ளோ நீளம்னு கேட்டார்.

"இருக்கட்டும், பத்து மீட்டர் குடுங்க."

"நீளம் ஏற ஏற சிக்னல் செத்துடும் சார். ஒரு மீட்டர் போதும்." கனெக்டர் டப்பாவைத் திறந்தார். "மேலா, ஃபீமேலா?"

என் காதுல ‘மேலா’ மட்டும்தான் விழுந்துச்சு.

"மேலதான். மொட்டை மாடில."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பில்டிங்கும் மாடிதாங்க."

தலையாட்டிக்கிட்டே கேபிளை வெட்டினார். அப்புறம் ரெண்டு முனையிலயும் ஊசி வெச்ச ‘மேல்’ கனெக்டரே போட்டுக் குடுத்துட்டார்.

சனிக்கிழமை ஒம்போது மணிக்கு சர்ச் மாடில நிக்கறேன். கேபிள் பெட்டில அழகா ஏறிடுச்சு. டிஷ்ல ஏறல. டிஷ் பக்கமும் நடுவுல ஊசி, கேபிள்லயும் நடுவுல ஊசி. ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சிட்டு நிக்குது.

கீழ, பொண்ணு இன்னும் வரல. கார் திருவேற்காடு பக்கம் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. ரெண்டு வீட்டாரும் வாட்ச்சைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க.

மாடில ஒரு மூலைல மட்டும் போன் எடுத்துச்சு. கடைக்காரரைக் கூப்பிட்டேன். லைன் விட்டு விட்டு வந்ததால கத்திதான் பேசினேன்.

"அண்ணா, இங்க ஃபீமேல் இல்லாம எல்லாமே நின்னுபோச்சு. உங்ககிட்ட இருக்கறதுல ஒண்ணு உடனே எடுத்துட்டு வாங்க. பழசா இருந்தாலும் ஓகே. பத்து மணிக்குள்ள மாட்டிடணும்."

போனை வெச்சப்புறம்தான் சட்டைல கண்ணு போச்சு. டெஸ்ட் பண்றதுக்காக சவுண்ட் செட்காரர் மாட்டிவிட்ட காலர் மைக். பச்சை லைட் எரியுது, கீழ ஸ்பீக்கரும் ஆன்ல இருக்கு.

முதல்ல மேல வந்தவர் பொண்ணோட தாய்மாமா.

"இன்னா மாப்ள, எங்க பொண்ணு கார்ல வந்துகினு கீது. கொஞ்சம் லேட்டானா வேற ஆர்டர் போட்ருவியா?"

கேபிளைக் காட்டினேன். வாங்கிப் பாத்தார்.

"ரெண்டுலயும் ஊசி கீது. இத்த கடையிலயே பாக்க மாட்டியா?"

அவர் காய்கறி வியாபாரம் பண்றவர். நான் பன்னெண்டு வருஷமா ஐ.டி.ல இருக்கேன்.

அரை மணி நேரத்துல கடைக்காரர் பைக்ல வந்து இறங்கினார். வாசல்ல நின்ன அத்தனை பேரும் அவருக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு எட்டிப் பாத்தாங்க. அவர் பாக்கெட்லேர்ந்து ஒரு குட்டி ஜாயின்ட் எடுத்துக் குடுத்தார். ரெண்டு பக்கமும் ஃபீமேல். மாட்டினதும் சிக்னல் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல பொண்ணும் வந்துடுச்சு. துபாய்ல அக்கா ஒரு நிமிஷம் விடாம பாத்து, ஆசை தீர அழுதாங்க.

இப்பல்லாம் கடைல ‘ஊசி வெச்சது’, ‘ஓட்டை வெச்சது’ன்னுதான் கேக்கறேன், அதுவும் சட்டையை ஒரு தடவை தடவிப் பாத்துட்டு.