தூரத்தாரும் தமிழ் தெரியாத மெசினும்

சுன்னாகத்தில் இங்கிலீசோடு பேச்சுவார்த்தை வைக்காத ஒரே கம்பியூட்டர்காரர் தூரத்தார்தான். சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்துகொண்டு மரண அறிவித்தல் இணையப்பக்கம் நடத்தினார். அறிவித்தல்கள் கிடக்கும் மெசின் ஏதோ வெளிநாட்டில். "அது தூரத்திலை நிக்குது" என்று அடிக்கடி சொல்லுவார். பெயர் அப்படியே ஒட்டிவிட்டது.

வங்கி மெசினில் தமிழ் பட்டன் வேலை செய்யாவிட்டால் காசு எடுக்காமலே வீட்டுக்குப் போவார். "இண்டைக்கும் கறியில்லாமல் சம்பல்தானோ?" என்று மனைவி கேட்பாவாம்.

எங்கள் அப்பா சிவபதம் அடைந்த அன்று, பந்தலுக்கும் குருக்களுக்கும் ஓடிக் களைத்து வந்து, தூரத்தார் போட்ட அறிவித்தலை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். பெயர், ஊர், கிரியை நேரம், எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி.

அம்மா பார்த்தா. "ஆரெண்டு என்னட்டைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்தானே" என்றா. பிறகு குரல் உடைந்தது. "ராசா, நாளைக்குப் பிரேதம் எடுக்கமுன்னம் வெளிநாட்டிலை இருக்கிற சனம் கொப்பற்றை பேரைப் பாக்கோணும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பின்னால் போய்ச் சொன்னேன். தூரத்தார் அசையவில்லை.

"தம்பி, புதுக் கம்பியூட்டரை முழுக்கத் தமிழாக்கினனான். தூரத்து மெசினுக்குள்ளை போனவுடனை இது 'நான் தமிழ்' எண்டு சொல்லும். அங்கை தமிழ் ஏத்தேல்லை. அது முழிச்சுப்போய் எல்லா எழுத்தையும் கேள்விக்குறி ஆக்கிப்போட்டுது."

"இங்கிலீசெண்டு சொல்லிக்கொண்டு போனா, நாங்கள் எழுதின தமிழ் உடையுமோ அண்ணை?"

"ஒரு எழுத்தும் உடையாது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"பிறகென்ன?"

"பொய் சொல்லிக்கொண்டோ போறது? தமிழை ஏத்தச் சொல்லி அங்கத்தை ஆளுக்கு அறிவிச்சிட்டன். திங்கக்கிழமை செய்வான்."

எனக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. "திங்கக்கிழமை அப்பா சாம்பல் அண்ணை" என்றேன்.

தூரத்தார் கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"அங்காலை திரும்பி நில்லும்" என்றார், உடுப்பு மாற்றுகிறவர் போல.

நின்றேன். கீபோர்ட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது திரையில் அப்பாவின் பெயர் தமிழில் முழுசாக நின்றது. தூரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்மாட்டைக் கொண்டுபோய்க் காட்டும். இங்கிலீசெண்டு சொல்லிப் போனதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

இதுவரை சொல்லவில்லை. அப்பாவுக்காகக் கும்பிடும் நாட்களில் அவருக்காகவும் முருகனிடம் ஒரு சொல் சொல்லுகிறேன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது; தூரத்தார் என்றே சொல்லுகிறேன். முருகனுக்கு ஆள் விளங்கும்.